ரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்காமலே இதயம் தேற முடியுமா?

காலைநடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. ஒன்பது ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இப்போது இரண்டு வகை. சென்ற ஆண்டு எடுத்த எக்கோவில், அதாவது ஒலியலையால் எடுக்கும் இதயப் படத்தில், இடது கீழறையின் சுவர் 13 மில்லிமீட்டர் தடித்திருப்பதாக எழுதியிருந்தார்கள். இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுவதில் குறையில்லை, தளர்ந்து விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் முதல் நிலைக் குறை இருக்கிறது என்றும் அதில் இருந்தது. அதைப் படித்த பயத்தில் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று வேகநடை தொடங்கினேன். பதினான்கு மாதங்கள் ஓடிவிட்டன. மாத்திரையிலோ அதன் அளவிலோ எந்த மாற்றமும் செய்யவில்லை.

சென்ற வாரம் மறுபடியும் எக்கோ எடுத்தேன். சுவர் 12 மில்லிமீட்டர். தளர்வுக் குறை முன்னைவிட மேல் என்று குறிப்பு. ஆனால் 138/86 ஆக இருந்த ரத்த அழுத்தம் 134/84 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை நடந்தும் இவ்வளவுதானா என்று மருத்துவரிடம் குறைப்பட்டுக்கொண்டபோது, "நடை வேலை செய்வது அழுத்தத்தின் வழியாக மட்டும் இல்லை, நோயெதிர்ப்புச் செல்களுக்கும் இதில் பங்கு உண்டு" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார். சளிக்கும் காய்ச்சலுக்கும் எதிராகப் போராடுகிற வெள்ளணுக்களுக்கும் என் இதயச் சுவருக்கும் என்ன தொடர்பு? இதைப் பற்றித் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

மெய்ப்பொருள் எழுதியது:

பதினான்கு மாதம் விடாமல் நடந்ததற்கு முதலில் என் வாழ்த்துகள். உங்கள் உற்சாகத்தைக் கெடுப்பதற்காக இதை எழுதவில்லை என்றாலும், வெள்ளணுக்களைத் தேடிப் போகும் முன்பு இரண்டு செய்திகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதலாவது அந்த ஒரு மில்லிமீட்டர். ஒரே நெஞ்சை ஒரே நாளில் இருவர் எக்கோ எடுத்தாலே அந்த அளவுக்கு வேறுபாடு வருவது சாதாரணம். ஒலியலை சுவரை நேராக வெட்டாமல் சற்றே சாய்வாக வெட்டினால், இல்லாத தடிப்பும் திரையில் இருப்பதாகத் தெரியும். அளவுகோலைச் சுவரின் எந்த ஓரத்தில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். இரண்டு எக்கோவும் ஒரே கருவியில், ஒரே கையால் எடுக்கப்பட்டவையா?

இரண்டாவது, அழுத்தம் இறங்கவில்லை என்கிற உங்கள் முடிவு. மருத்துவரின் அறையில் ஒரு காலை வேளையில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. உறக்கத்தில் உங்கள் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, நடந்து முடித்த பிறகு எத்தனை மணி நேரம் தாழ்ந்து நிற்கிறது என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது. மேலும், 4 புள்ளி என்பதும் புறக்கணிக்கத்தக்கது இல்லை. ரத்த அழுத்த மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் லான்செட் இதழில் வெளிவந்த பகுப்பாய்வின்படி, மேல் அழுத்தம் 10 புள்ளி குறைந்தால் இதயச் செயலிழப்பு 28 விழுக்காடு குறைகிறது. ஆகவே அழுத்தத்தைக் கொண்டே விளக்கிவிடக்கூடிய ஒன்றுக்கு வேறு காரணம் தேட வேண்டுமா என்பதே என் ஐயம்.

நுண்ணோக்கி எழுதியது:

மெய்ப்பொருள் அவர்களின் இரண்டு எச்சரிக்கைகளையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் வெறும் சமாதானப் பேச்சு இல்லை. நான் ஆய்வகத்தில் எலிகளின் இதயத் திசுவை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்பதால், கண்ணால் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

கொலாஜனைக் காட்டுவதற்கு பிக்ரோசிரியஸ் சிவப்பு என்று ஒரு சாயம் உண்டு. அதை ஏற்றினால் இதயத் தசை மஞ்சளாகவும் கொலாஜன் நார் சிவப்பாகவும் தெரியும். நலமான இதயத்தில் அந்தச் சிவப்பு, சிறு தமனிகளைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாகவும், தசை நார்களுக்கு இடையில் மயிரிழைபோலவும் மட்டுமே இருக்கும். பல மாதங்கள் உயர் அழுத்தத்தில் இருந்த எலியின் இதயத்திலோ, தமனியைச் சுற்றிய வளையம் தடித்து, அதிலிருந்து சிவப்புக் கிளைகள் புறப்பட்டு, தசை நார்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்கொண்டு போயிருக்கும். அடுத்த சீவலை எடுத்து, மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கிச் செல்களைக் காட்டும் பழுப்புச் சாயம் ஏற்றினால், அந்தப் பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் முந்தைய சீவலில் சிவப்பு கிளைத்திருந்த அதே இடங்களில்தான் மொய்த்துக் கிடக்கும். முதன்முறை பார்த்தபோது இரண்டு தகடுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதில் இரண்டு நிகழ்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடும்போது சுவரின்மேல் விழும் இழுவிசையைப் பங்கிட்டுக்கொள்வதற்காகத் தசைச் செல்கள் பருக்கின்றன. சுவர் தடிப்பதற்குப் பெருமளவு இதுவே காரணம். ஆனால் சுவர் விறைத்துப்போய், தளர்ந்து விரிய மறுப்பதில் அந்தச் சிவப்பு நாருக்குப் பெரும் பங்கு உண்டு. நாரை நெய்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். அவற்றுக்கு நெய்யச் சொல்லிக் கட்டளை அனுப்புவோரில் நோயெதிர்ப்புச் செல்கள் முக்கியமானவை. காலைநடை அவர்களுக்கு இருப்பது தளர்வுக் குறை என்பதால், அவருடைய கேள்வி சரியான இடத்தைத்தான் தொடுகிறது.

இந்த எண்ணம் புதியதும் இல்லை. 1964 இலேயே ஒயிட், குரோல்மன் என்ற இருவர், சிறுநீரகத்தின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் செய்து அழுத்தத்தை ஏற்றிய எலிகளுக்கு, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்தபோது அழுத்தம் குறைந்ததைக் கண்டார்கள். அது நெடுங்காலம் ஓர் ஓரச் செய்தியாகவே கிடந்தது. 2007 இல் டேவிட் ஹாரிசனின் ஆய்வகத்தில் குஜிக் முதலானோர் செய்த சோதனைக்குப் பிறகுதான் துறை நிமிர்ந்து உட்கார்ந்தது. டி செல், பி செல் என்ற இரு வகை வெள்ளணுக்களும் பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளுக்கு, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோனைச் செலுத்தினார்கள். மற்றச் சுண்டெலிகளில் ஏறும் அளவுக்கு அவற்றில் அழுத்தம் ஏறவில்லை. வெளியிலிருந்து டி செல்களைக் கொடுத்ததும் ஏறியது. பி செல்களைக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. 2010 இல் வந்த இன்னோர் ஆய்வில், இன்டர்லூகின்-17 என்ற செய்தி மூலக்கூறு இல்லாத சுண்டெலிகளில் அழுத்தம் தொடக்கத்தில் வழக்கம்போல ஏறினாலும், ஏறிய இடத்தில் நிற்கவில்லை. அந்த மூலக்கூறைச் சுரப்பவற்றுள் ஒரு வகை டி செல் முதன்மையானது. ஆகவே, மெய்ப்பொருள் அவர்களே, அழுத்தம் காரணம், நோயெதிர்ப்புச் செல் விளைவு என்று ஒரே திசையில் கோடு போட்டுவிட முடியாது. அழுத்தம் செல்களைக் கிளப்புகிறது. கிளம்பிய செல்கள் சிறுநீரகத்திலும் ரத்தநாளச் சுவரிலும் குடியேறி, உப்பைத் தேக்கி, நாளத்தை இறுக்கி, அழுத்தத்தை மேலும் ஏற்றுகின்றன.

இதயத்துக்குள் நடப்பதற்கு 2018 இல் மத்தியாஸ் நாரன்டார்ஃபின் குழு வெளியிட்ட ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. உப்பு நீர், ஒரு சிறுநீரக நீக்கம், உடலில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் என்று மூன்றையும் சேர்த்துச் சுண்டெலிகளின் இதயத்தை விறைக்கச் செய்தார்கள். அந்த இதயங்களில் மேக்ரோபேஜ்கள் பெருகியிருந்தன. அவை சுரந்த இன்டர்லூகின்-10 நாரை நெய்யும் செல்களைத் தூண்டியது. மேக்ரோபேஜ்கள் அதைச் சுரக்க முடியாதபடி மரபணுவை நீக்கியபோது தளர்வுக் குறை தணிந்தது. இன்டர்லூகின்-10 வழக்கமாக அழற்சியைத் தணிப்பது என்று பாடத்தில் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். தணிப்பதும் புண்ணை ஆற்றுவதும் நார் போடுவதும் உடலுக்கு ஏறத்தாழ ஒரே வேலை. புண்ணே இல்லாத இடத்தில் ஆற்றத் தொடங்கினால் அதுவே நோயாகிவிடுகிறது.

மூன்றாம்மாடி எழுதியது:

நுண்ணோக்கி ஐயாவின் பதிவை இருமுறை படித்தேன். ஒரு நேரடியான கேள்வி. இந்தச் செல்கள்தான் குற்றவாளிகள் என்றால், அழற்சியைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டு இவற்றை அடக்கிவிட முடியாதா? எனக்கும் ரத்த அழுத்தம் இருக்கிறது. மூட்டு வலிக்காக எப்படியும் அத்தகைய மாத்திரையை அடிக்கடி சாப்பிடுகிறேன். அதனால் இதயத்துக்கும் சேர்த்து நன்மை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா?

நுண்ணோக்கி எழுதியது:

வைத்துக்கொள்ளவே கூடாது. நீங்கள் சொல்வது டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளாக இருந்தால், அவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. சில அழுத்த மருந்துகளின் வேலையையும் கெடுப்பவை. உங்கள் மருத்துவரிடம் இதை அடுத்த முறை வரை தள்ளிப்போடாமல் சொல்லிவிடுங்கள். நோயெதிர்ப்பையே அடக்குகிற வலுவான மருந்துகளிலும் இந்த முரண் உண்டு. மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின், டி செல்லை அடக்குவதில் கெட்டிக்காரன். ஆனால் அதன் நன்கறிந்த பக்கவிளைவு ரத்த அழுத்தம் ஏறுவதுதான்.

ஒரே ஒரு செய்தி மூலக்கூறைக் குறிவைத்துத் தடுத்தால் என்ன ஆகும் என்பதை 2017 இல் வெளிவந்த கேன்டோஸ் ஆய்வு பெரிய அளவில் பார்த்தது. முன்பு மாரடைப்பு வந்து, உடலில் அழற்சிக் குறியீடு உயர்ந்திருந்த 10,061 பேர் அதில் பங்கேற்றார்கள். இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் ஊசியை 150 மில்லிகிராம் அளவில் பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கை 15 விழுக்காடு குறைந்தது. அதே நேரத்தில் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பு குறையவில்லை. அந்த ஊசி ரத்த அழுத்தத்தைக் குறைக்கவில்லை என்பதையும் பின்னர் தனியாகப் பகுத்துப் பார்த்தார்கள்.

குற்றவாளி என்ற சொல்லையும் நான் பயன்படுத்தமாட்டேன். இதயத்தில் இருக்கும் மேக்ரோபேஜ்கள் எல்லாம் ஓர் இனம் இல்லை. கருவிலேயே இதயத்துக்கு வந்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பெருகி வாழும் உள்ளூர்க் குடிகள் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மோனோசைட் என்னும் வெள்ளணுவாக ரத்தத்தில் மிதந்து, அழைப்பு வந்ததும் திசுவுக்குள் நுழைபவை மற்றொரு வகை. 2021 இல் இம்யூனிட்டி இதழில் வந்த ஒரு சுண்டெலி ஆய்வு, அழுத்தம் ஏறும்போது இதயம் தன்னைத் தக்கபடி வளர்த்துக்கொள்வதற்குத் தேவையான வளர்ச்சிக் காரணி ஒன்றை அந்த உள்ளூர்க் குடிகளே சுரக்கின்றன என்று காட்டியது. அவற்றை நீக்கினால் அந்த வளர்ச்சி நின்றுபோகிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அடக்கினால் வீட்டுக்காரரையும் சேர்த்து வெளியேற்றிவிடுவோம்.

உடற்பயிற்சியில் என்னை ஈர்ப்பது இந்த இடம்தான். அது செல்களை அடக்குவதில்லை. மஜ்ஜையிலிருந்து வந்து சேரும் கூட்டத்தைக் குறைக்கிறது. நாரன்டார்ஃபின் குழுவே 2019 இல் நேச்சர் மெடிசின் இதழில் இதை வெளியிட்டது. கூண்டில் சக்கரம் வைத்து, விருப்பம்போல் ஓடவிட்ட சுண்டெலிகளின் கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறைந்தது. எலும்பு மஜ்ஜையில் ரத்தத் தாய்ச்செல்களுக்கு இடம் கொடுத்துத் தாங்கும் செல்கள் உண்டு. லெப்டினை உணரும் அவை, லெப்டின் குறைந்ததும், தாய்ச்செல்களை அமைதியாக இருக்கச் செய்யும் காரணிகளைக் கூடுதலாகச் சுரந்தன. தாய்ச்செல்கள் பிரிவது குறைய, ரத்தத்தில் மிதக்கும் வெள்ளணுக்களும் குறைந்தன. ஆயினும் தொற்று வந்தபோது அவசரத்துக்கு வெள்ளணுக்களைப் பெருக்கும் திறன் குன்றவில்லை. மேலே சொன்ன ஊசியால் முடியாதது இதுவே.

மெய்ப்பொருள் எழுதியது:

நன்றாக விளக்கினீர்கள்; நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த 2019 ஆய்வு தமனிக்குள் கொழுப்புப் படிவது பற்றியது, ரத்த அழுத்தத்தால் வரும் இதயநோய் பற்றியது இல்லை அல்லவா? கூண்டுச் சுண்டெலி இரவு முழுவதும் பல கிலோமீட்டர் தானாக ஓடும். 40 நிமிடம் நடக்கும் மனிதருக்கு அதை அப்படியே பொருத்துவது பெரிய தாவல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிறவியிலேயே ரத்த அழுத்தம் உள்ள எலி இனம் ஒன்று 1963 இல் ஜப்பானில் உருவாக்கப்பட்டது. சிகிச்சை ஏதும் தராமல், அதன் வழிவந்த, இதயச் செயலிழப்புக்கு ஆளாகும் ஓர் இனத்து எலிகளைச் சக்கரத்தில் நீண்ட காலம் அளவுக்கு மீறி ஓடவிட்ட ஓர் ஆய்வு 2007 இல் ஹைப்பர்டென்ஷன் இதழில் வந்தது. ஓடிய எலிகளின் இதயம் தேறவில்லை. செயலிழப்பை நோக்கி இன்னும் வேகமாகப் போவதற்கான அடையாளங்களே அவற்றில் தெரிந்தன. பயிற்சி என்றால் எல்லாம் நன்மையே என்று எழுதுபவர்கள் இதை ஏனோ எடுத்துக்காட்டுவதில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

இரண்டுமே நியாயமான கேள்விகள். தாவல் என்பதை மறுக்கவில்லை. தமனிநோய் உள்ள மனிதர்களிலும் உடலுழைப்பு மிகுந்தவர்களுக்கு வெள்ளணுக்கள் குறைவாக இருப்பதை அதே ஆய்வு காட்டியது. ஆனால் அது உடன்நிகழ்வு, காரணத்தை நிறுவுவது இல்லை. அழுத்தத்தால் விறைத்த இதயத்தில் பயிற்சி இதே வழியாகத்தான் வேலை செய்கிறது என்று மனிதர்களில் நிறுவப்பட்டதாக நான் சொல்லமாட்டேன். மஜ்ஜையிலிருந்து மோனோசைட் வருகிறது, அது இதயத்தில் நார் போடத் தூண்டுகிறது என்பது ஒரு கண்ணி. பயிற்சி மஜ்ஜையை அமைதிப்படுத்துகிறது என்பது இன்னொரு கண்ணி. இரண்டையும் கோப்பதில் தருக்கம் இருக்கிறது. முழுச் சங்கிலியையும் ஒரே மனிதரில் இழுத்துப் பார்த்தது இல்லை.

மனிதர்களில் நேரடியாகத் தெரிவது ஒன்று உண்டு. சுருங்கும் தசை தானே இன்டர்லூகின்-6 சுரக்கிறது. மாரத்தான் போன்ற நெடுந்தூர ஓட்டத்தில் ரத்தத்தில் அதன் அளவு நூறு மடங்கு வரை ஏறியதாகக் கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழு காட்டியது. காய்ச்சலில் அழற்சியைக் கூட்டும் அதே மூலக்கூறு, தசையிலிருந்து வரும்போது அழற்சியைத் தணிக்கும் மூலக்கூறுகளைப் பின்னாலேயே அழைத்து வருகிறது. 2003 இல் அவர்களே நலமான ஆட்களைச் சைக்கிள் மிதிக்கவைத்து, சிறிதளவு பாக்டீரியா நச்சை ஊசியில் செலுத்திப் பார்த்தார்கள். ஓய்ந்திருந்தவர்களுக்கு டிஎன்எஃப் எனும் அழற்சி மூலக்கூறு ஏறியது, மிதித்தவர்களுக்கு ஏறவில்லை.

நீங்கள் சொன்ன எலி ஆய்வு எனக்கும் முக்கியமானதே. அதில் கவனிக்க வேண்டிய சொல் "சிகிச்சை ஏதும் தராமல்" என்பது. கட்டுப்படாத அழுத்தத்தின்மேல் அளவுமீறிய ஓட்டத்தை ஏற்றினால், ஏற்கெனவே சுமை தாங்கும் சுவருக்கு இன்னொரு சுமை. காலைநடை அவர்களின் நடை பயன் தந்திருந்தால், அடியில் அந்த இரண்டு மாத்திரைகள் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதற்குக் காரணம். இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடக் கிளம்பிவிட வேண்டாம்.

விடியல்ஓட்டம் எழுதியது:

வெள்ளணுக்களைப் பற்றிய பேச்சு வந்ததால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு முறை காலையில் நன்றாக ஓடிவிட்டு, வியர்வை அடங்குவதற்குள் ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டிவிட்டேன். வெள்ளணு எண்ணிக்கை 13,200 என்று வந்தது. தொற்று இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். எனக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு நாள் ஓடாமல் இருந்து மறுபடி எடுத்தபோது 6,900. பயிற்சி வெள்ளணுக்களைக் குறைக்கும் என்கிறீர்கள், எனக்குக் கூடியிருக்கிறதே?

நுண்ணோக்கி எழுதியது:

குறைவது நாள்பட்ட இருப்பு. கூடியது அந்த நேரத்து நடமாட்டம். பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களிலேயே அட்ரினலினும் ரத்தம் பாயும் வேகமும், நாளச் சுவரிலும் மண்ணீரலிலும் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளணுக்களை உலுக்கி ஓட்டத்தில் சேர்த்துவிடுகின்றன. இயற்கைக் கொல்லிச் செல்கள் இதில் முன்வரிசை. நீங்கள் புதிதாக 6,000 செல்களை உற்பத்தி செய்யவில்லை. தெருவோரம் நின்றவர்கள் நடுத்தெருவுக்கு வந்த நேரத்தில் தலை எண்ணிவிட்டார்கள். ஓட்டம் முடிந்து ஓரிரு மணி நேரம் கழித்து எடுத்திருந்தால், லிம்போசைட் என்னும் வெள்ளணு வகை வழக்கத்தைவிடக் குறைவாகக்கூட இருந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் கடும் பயிற்சிக்குப் பிறகு நோயெதிர்ப்பு சரிகிறது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். அந்தச் செல்கள் அழியவில்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவல் போகின்றன என்று இப்போது பலர் வாதிடுகிறார்கள்.

இயன்முறையாளர் எழுதியது:

இதயநோயாளிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். செல்களைப் பற்றிய வாதத்தை உங்களிடமே விட்டுவிட்டு, செய்முறையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

என்னிடம் வருவோரிடம் நான் முதலில் கவனிப்பது மூச்சை. எடை தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு முக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. 1985 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடற்கட்டு வீரர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து, இரு கால்களாலும் கனத்த எடையைத் தள்ளும்போது அளந்தார்கள். ஒருவருக்கு அழுத்தம் 480/350 வரை போனது. ஒரு நொடி அளவுதான் என்றாலும், தடித்த சுவருள்ள இதயத்துக்கு அது தேவையற்ற சோதனை.

இதே மூச்சைச் சரியாக விடத் தெரிந்தால், அசையாமல் தசையை இறுக்கி நிற்கும் பயிற்சிகள் அழுத்தத்தை நன்றாகவே குறைக்கின்றன. 2023 இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில், இத்தகைய பயிற்சிகளால் மேல் அழுத்தம் சராசரியாக 8 புள்ளிக்குச் சற்று மேலும், நடை, ஓட்டம் போன்றவற்றால் நாலரைப் புள்ளி அளவும் குறைந்திருந்தது. காலைநடை அவர்களின் 4 புள்ளி, நடைக்குக் கிடைக்கும் சராசரி பலன்தான், ஏமாற்றமடைய வேண்டியதில்லை.

சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்வதுபோல முழங்காலை மடக்கி இரண்டு நிமிடம் நிற்பது அதில் ஒரு முறை. இடையில் ஓரிரு நிமிட ஓய்வு விட்டு நான்கு தடவை, வாரத்துக்கு மூன்று நாள். முதல் தடவை எளிதாக இருக்கும். மூன்றாவதில் தொடை நடுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் ஆள் தன்னையறியாமல் மூச்சைக் கட்டுவார். அதனால் நான் எதிரில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். பதில் வராவிட்டால் உடனே எழுந்திருக்கச் சொல்லிவிடுவேன். ஓய்விலேயே 180/110 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களை அன்று எந்தப் பயிற்சியும் செய்யவிடாமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். நெஞ்சு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருந்தாலும் அப்படியே.

பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித் துடிப்பை நம்பிப் பயிற்சியின் அளவைக் கூட்ட வேண்டாம். அந்த மருந்து துடிப்பை ஏறவிடாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்கிற பழைய அளவுகோலே போதும். கடும் பயிற்சிதான் பலன் தரும் என்ற எண்ணத்தில் சிலர் அவசரப்படுகிறார்கள். சுருங்கும் திறன் குறையாத இதயச் செயலிழப்பு உள்ள 180 பேரை வைத்துச் செய்து 2021 இல் வெளிவந்த ஆய்வில், விட்டுவிட்டுச் செய்யும் தீவிரப் பயிற்சிக்கும் தொடர்ந்து செய்யும் மிதமான பயிற்சிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

மூன்றாம்மாடி எழுதியது:

வலி மாத்திரையை மருத்துவரிடம் சொல்லிவிட்டேன், மாற்றிக் கொடுத்திருக்கிறார். நுண்ணோக்கி ஐயாவுக்கு நன்றி. இன்னும் ஒன்று மட்டும்: இடையில் ஒரு மாதம் நடக்க முடியாமல் போனால் சேர்த்ததெல்லாம் போய்விடுமா?

நுண்ணோக்கி எழுதியது:

சுண்டெலிகளில், சக்கரத்தை எடுத்ததும் லெப்டின் விரைவில் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் மஜ்ஜையின் தாய்ச்செல்களில் மரபணுக்களைத் திறந்து மூடும் குறிகள் மாறியிருந்ததால், வெள்ளணு உற்பத்தியில் ஏற்பட்ட மாற்றம் பல வாரங்கள் நீடித்தது. ரத்த அழுத்தத்தில் கிடைத்த குறைவோ, மனிதர்களில் பயிற்சியை விட்ட சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும். விறைத்த சுவர் இளகுவதற்கு இன்னும் நீண்ட பொறுமை வேண்டும். உட்கார்ந்தே பழகிய நடுவயதினரை வைத்துச் செய்து 2018 இல் சர்குலேஷன் இதழில் வந்த ஆய்வில், இடது கீழறை இளகியதைக் காட்ட இரண்டு ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. அவர்களோ நோயாளிகள்கூட இல்லை.

காலைநடை எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மெய்ப்பொருள் அவர்கள் கேட்டதற்குப் பதில்: இரண்டு எக்கோவும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கருவிகளில் எடுத்தவை. ஆகவே அந்த ஒரு மில்லிமீட்டரை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏற முடிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மருத்துவரிடம் கேட்டு 24 மணி நேர ரத்த அழுத்தக் கருவியைக் கட்டிக்கொண்டேன். அரை மணிக்கு ஒரு முறை கையை இறுக்கி, இரவில் மூன்று தடவை எழுப்பிவிட்டது. முழுநாள் சராசரி 127/78, உறக்கத்தில் 114/68. அறையில் அளந்த 134 ஐவிட இது குறைவு.

மெய்ப்பொருள் எழுதியது:

முழுநாள் சராசரிக்கு எல்லை 130/80 என்பதால் நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். உறக்கத்திலும் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குகிறது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு இதே கருவியைக் கட்டியிருந்தால் நடை எவ்வளவு குறைத்தது என்பதும் தெரிந்திருக்கும். அடுத்த எக்கோவை இப்போது எடுத்த அதே இடத்தில், முடிந்தால் அதே ஆளிடம் எடுங்கள். சுவரின் தடிப்பை மட்டும் கேட்காமல், உடல் பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்ட கீழறை எடையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆண்களுக்குச் சதுர மீட்டருக்கு 115 கிராமுக்கு மேல் போனால்தான் பருத்திருப்பதாகக் கொள்வார்கள். எண் வந்ததும் இந்த இழையிலேயே எழுதுங்கள், பார்ப்போம்.